வசவு கேட்டு வளர்ந்த பயிர்

விதையைக் கையிலெடுக்கும் குடியானவன் தெய்வத்தை நினைத்து, நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, நாளும் நாழிகையும் பார்த்து விதைப்பதுதான் பெரும்பாலான தேசங்களின் சம்பிரதாயம். சித்திரையில் நல்லேர் பூட்டும் வேளையில் ஓர் அவச்சொல் யார் வாயிலிருந்தாவது வந்துவிட்டால், அதை அபசகுனமாகக் கருதி முகம் சுளிக்கும் பெரியவர்களை நம் ஊர்களில் இன்றும் பார்க்கலாம். அப்படியிருக்க, ஏறக்குறைய இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு கிரேக்க தேசத்துத் தோட்டக்காரன் குறிப்பிட்ட ஒரு விதையைத் தூவும்போது மட்டும் அதை வாய்க்கு வந்தபடி ஏசினான், சபித்தான், அப்படி ஏசினால்தான் பயிர் செழித்து ஏராளமாக விளையுமென்று நம்பினான் என்று படிக்கும்போது நமக்கு ஆச்சரியம் உண்டாவது இயல்பே. அந்த விதை, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் மிளகுக்கு அடுத்த அறையில் சாதுவாக உட்கார்ந்திருக்கிற சீரகம்.

இந்த விஷயத்தை எழுதிவைத்தவர் சாமானியரல்லர். அரிஸ்டாட்டிலின் சீடராயிருந்து, அவருக்குப் பிறகு அவருடைய வித்தியாசாலையின் தலைமையை ஏற்று, தாவர சாஸ்திரத்தின் தந்தை என்று பிற்காலத்தாரால் போற்றப்பட்ட தியோஃபிராஸ்டஸ், செடிகொடிகளைப் பற்றி எழுதிய பெரிய நூலின் ஏழாம் புத்தகத்தில், வீட்டுத் தோட்டங்களில் பயிராகும் கீரை வகைகளையும் வாசனைப் பூண்டுகளையும் ஆராய்ந்துகொண்டு போகிற இடத்தில், சீரகத்துக்கு மட்டும் உரிய விசேஷமாக இதைக் குறிப்பிடுகிறார். பிறகு ஒன்பதாம் புத்தகத்தில், மூலிகை பறிப்பவர்களுடைய விநோதமான நியமங்களை, அதாவது ஒரு வேரைத் தோண்டுமுன் வாளால் அதைச் சுற்றி மூன்று வட்டம் போட வேண்டும், இன்னொன்றைப் பறிக்கும்போது கிழக்கு முகமாக நின்று பிரார்த்திக்க வேண்டும், கழுகு வருகிறதா என்று கவனித்துக்கொள்ள வேண்டும் என்பன போன்றவற்றை வரிசையாகச் சொல்லி வரும்போது, சீரகத்தின் வசவும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே என்று மறுபடியும் நினைவு கூர்கிறார். எதையும் ‘சொல்லுகிறார்கள்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லுவது அவருடைய பண்பு, நம்புவதுமில்லை, பரிகசிப்பதுமில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் ரோமாபுரியின் பிளினி தம்முடைய இயற்கை வரலாற்றின் பத்தொன்பதாம் புத்தகத்தில் இந்த வழக்கத்தைத் திரும்ப எடுத்து, திட்டிக்கொண்டு விதைக்கும் மரியாதையைத் துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு செடிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, சீரகம் விதைக்கிறவர்களோ அது முளைக்காமலே போக வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறார். ஏசுவதைவிட இது இன்னும் ஒரு படி மேலே போன உபாயம்.

இதற்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் சமாதானம் கண்ணேறு. நல்லதை நல்லதென்று வாய்விட்டுச் சொன்னால் பொறாமை கொண்ட ஏதோ ஒரு சக்தியின் பார்வை அதன்மேல் விழும். ஆகையால் அதைக் கெட்டதென்று பழித்து மறைத்துவிட வேண்டும் என்பது கருத்து. நமக்கு இது புதிதல்ல. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில் அடுத்த குழந்தைக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிட்டு, யமனுடைய கவனத்தைத் திருப்பிவிட முயன்ற தாய்மார்களின் மனம் அந்தக் கிரேக்கத் தோட்டக்காரனுடைய மனத்துக்கு வெகு தூரத்தில் இல்லை. ஆனால், இந்தச் சமாதானம் பாதிதான் திருப்தி தருகிறது என்பது என் அபிப்பிராயம். கண்ணேறு எல்லாப் பயிருக்கும் பொது. கோதுமைக்கும் கொடிமுந்திரிக்கும் ஒலிவத்துக்கும் இல்லாத வசவு சீரகத்துக்கு மாத்திரம் ஏன் வந்தது என்பதற்கு விடையைச் செடியின் சுபாவத்திலேதான் தேட வேண்டும்.

சீரகச் செடி ஒரு முழ உயரங்கூட வளராத, நூல் நூலாய்ப் பிரிந்த இலைகளையுடைய, மெலிந்த ஓராண்டுப் பூண்டு. கொத்தமல்லிக்கும் காரட்டுக்கும் நெருங்கிய உறவு. குடை விரித்தாற்போன்ற சிறு கொத்துகளில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும். நாம் விதை என்று சொல்லுவது உண்மையில் அதன் காய். இரண்டு பாதிகள் ஒட்டிக்கொண்டிருப்பது. முற்றி உலர்ந்த பின் அவை பிரியக்கூடும். விதைத்த சில நாளிலேயே மண்ணைப் பிளந்துகொண்டு வரும் கடுகைப் போலவோ வெந்தயத்தைப் போலவோ இது வருவதில்லை. ஒரு வாரம், பத்து நாள், குளிர் மிகுந்தால் அதற்கு மேலும் மண்ணுக்குள் மௌனமாகக் கிடந்து, விதைத்தவன் விதை கெட்டுப்போயிற்றென்று தீர்மானிக்கப்போகிற சமயத்தில் முடியைப்போன்ற இரண்டு இலையைக் காட்டும். அதன் பிறகும் சில வாரங்களுக்கு அதன் வளர்ச்சி மிக மந்தம். அதற்குள் களைகள் நாலு பங்கு வளர்ந்து அதை மூடிவிடும். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து செத்துப்போகும். ஆகையால் விதைத்த இடத்திலேயே வளர்த்தாக வேண்டும். தண்ணீர் சற்று அதிகமானால் வேர் அழுகும். பூக்கும் பருவத்தில் இரண்டு நாள் மேகமூட்டமிருந்து காற்றில் ஈரம் ஏறினால், பச்சையாயிருந்த பாத்தி கண்ணெதிரே கருகிவிடும். இத்தனையும் தாண்டி விளைந்தால் பொன்னாக விளையும். அந்த மயக்கந்தான் குடியானவனை விடுவதில்லை. இப்படிப்பட்ட செடியை ஆதரவோடு எதிர்பார்த்து ஏமாறுவதைக் காட்டிலும், ‘நீ முளைக்கவே வேண்டாம், போ’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது மனிதனுக்கு ஒரு மனச்சாந்தி. வசவு செடிக்காக ஏற்பட்டதல்ல, விதைத்தவனுக்காக ஏற்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

தியோஃபிராஸ்டஸுக்கு வெகு காலத்துக்கு முந்தியே சீரகம் மனிதனுடைய கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் பாபிலோனியக் களிமண் பலகைகள் சில, ஏறக்குறைய கி.மு. 1700ஐ ஒட்டியவை, மாமிச ரசங்களைச் சமைக்கும் முறையைக் கூறுகின்றன. பூண்டும் லீக்கும் வெங்காயமும் சேரும் அந்த ரசங்களில் சீரகமும் சேருகிறது. கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மைசீனிய மாளிகைக் கணக்கர்கள் கொத்தமல்லி, பெருஞ்சீரகம், எள் ஆகியவற்றோடு சீரகத்தையும் பலகைகளில் பதிவு செய்திருக்கிறார்கள். 1952இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் அந்த லிபியைப் படிக்கும் சாவியைக் கண்டுபிடித்த பிறகே நமக்கு இது தெரியவந்தது. விவிலியத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் ஆகமத்தில் வரும் ஒரு பகுதி இன்னும் ருசிகரமானது. நிலத்தை நிரவிய பின் கருஞ்சீரகத்தைத் தெளித்துச் சீரகத்தை விதைக்கும் உழவன், அறுவடைக்குப் பின் அதன்மேல் வண்டிச் சக்கரத்தை ஓட்டாமல், மிலாற்றினால் மெல்லத் தட்டியே மணியைப் பிரித்தெடுக்கிறான் என்றும், அந்த விவேகத்தை அவனுக்குக் கற்பித்தவர் கடவுளே என்றும் அங்கே கூறப்படுகிறது. கிருஷியின் நுணுக்கத்தை அறிந்த ஒருவர்தான் அந்த இடத்தை எழுதியிருக்க முடியும். தானியத்தைப் போலப் போரடித்தால் சீரகம் நொறுங்கி, உள்ளிருக்கும் வாசனை எண்ணெய் வீணாகும். ராஜஸ்தானத்து மாரவாடத்திலும் குஜராத்திலும் சிறிய நிலக்காரர்கள் உலர்ந்த செடிகளைக் களத்தில் குவித்துக் கோலால் தட்டிய முறையும் இதுவே. ஏசாயாவின் அதே யூத தேசத்தில் புதினாவுக்கும் சதகுப்பைக்கும் சீரகத்துக்கும்கூடத் தசமபாகம் கணக்கிட்டுச் செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் மறந்தவர்களை இயேசு கண்டித்ததாக மத்தேயு எழுதுகிறார். கொல்லைப்புறத்துப் பாத்தியில் கைப்பிடியளவு விளைந்ததிலும் பத்தில் ஒன்றை எடுத்துவைத்த ஜனங்கள் அவர்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

அற்பமான பொருளைக்கூட எண்ணிப் பார்க்கிறவனைக் கேலி செய்யச் சீரகமே உவமானமாயிற்று. கருமியைச் சீரகத்தைப் பிளக்கிறவன் என்று அரிஸ்டாட்டிலே தம் அறநூலில் சொல்லுகிறார். எதையும் துருவித் துருவி விசாரிக்கும் குணமுடைய ரோமச் சக்கரவர்த்தி அன்டோனினஸ் பயஸுக்கும் (கி.பி. 138 முதல் 161 வரை ஆண்டவர்) பரிகாசக்காரர்கள் இதே பட்டத்தைச் சூட்டினார்கள் என்று காஸியஸ் டியோவின் சரித்திரம் தெரிவிக்கிறது. ரோமாபுரியில் இதைவிட வேடிக்கையான உபயோகமும் இருந்தது. சீரகத்தை அதிகமாக உட்கொண்டால் முகம் வெளுத்துப்போகும் என்ற நம்பிக்கையினால், போர்ஸியஸ் லாட்ரோ என்னும் பிரசித்தி பெற்ற ஆசிரியரின் மாணாக்கர்கள், இரவு பகலாகப் படித்துப் படித்து வெளுத்த அவருடைய முகத்தின் நிறத்தைப் பெறுவதற்காகச் சீரகத்தைக் கரைத்துக் குடித்தார்கள் என்று பிளினி எழுதுகிறார். படிப்பைவிடப் படித்தவனுடைய தோற்றத்தைச் சம்பாதிப்பது சுலபம் என்ற தத்துவத்தை அவர்கள் நமக்கு முன்னரே கண்டிருக்கிறார்கள். அப்பீஷியஸின் பெயரால் வழங்கும் ரோமச் சமையல் நூலில் சிப்பி மீன்களுக்கான சீரகக் குழம்பு ஒன்று காணப்படுகிறது. அதில் சீரகத்தோடு முதலில் சேர்வது மிளகு. அந்த மிளகு முசிறித் துறையிலிருந்தோ அதை அடுத்த மேற்குக் கடற்கரைத் துறையிலிருந்தோ யவனக் கப்பலில் ஏறிப் போனது. நம்முடைய ரசத்தில் பிரியாத இரட்டையரான மிளகும் சீரகமும், ஒன்று இங்கிருந்து சென்றும் மற்றது மத்தியதரைக்கடல் ஓரத்துத் தோட்டங்களிலிருந்து வந்தும், ரோமனுடைய சட்டியிலும் கூடியிருந்தன.

பிற்கால ஐரோப்பாவின் விருத்தாந்தத்தை நீட்ட வேண்டியதில்லை. சார்லமேன் சக்கரவர்த்தியின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800இல், அரச தோட்டங்களில் இருக்க வேண்டிய செடிகளின் பட்டியலில் சீரகம் இடம் பெற்றது. இங்கிலாந்தின் பழைய குத்தகைப் பத்திரங்களில், நிலத்துக்கு ஆண்டுதோறும் ஒரு ராத்தல் சீரகம் வாடகை என்று எழுதும் வழக்கம், மிளகையும் கையுறையையும் ரோஜாப்பூவையும் வாடகையாகக் கேட்ட அதே விநோத மனப்பான்மையோடு, சில நூற்றாண்டுகள் நிலவியது. மத்தியகாலத்தில் மால்டா தீவுகளின் ஏற்றுமதியில் பருத்தியும் சீரகமுமே பிரதானம். அந்தக் கூட்டத்தின் மூன்று சதுர மைலுக்கும் குறைவான சிறு தீவு ஒன்று கொமினோ என்று சீரகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் வடக்கே போகப்போகக் குளிரைத் தாங்கமாட்டாத இந்தச் செடி பின்வாங்கிற்று. பனியிலும் பிழைக்கும் அதன் உறவுச் செடியாகிய கேரவே, அதாவது சீமைச் சோம்பு, ரொட்டியிலும் பாலாடைக்கட்டியிலும் அதன் ஸ்தானத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஸ்பானியர் கையோடு அட்லாண்டிக்கைத் தாண்டி மெக்ஸிகோ சமையலில் போய்ச் சேர்ந்தது சீரகத்தின் இன்னொரு யாத்திரை.

வசவின் கதை ஐரோப்பாவில் முடிந்துபோகவில்லை. ராஜஸ்தானத்தின் மேற்குப் பகுதியான மாரவாடத்தில், ஜாலோர், பாட்மேர், ஜோத்பூர், நாகௌர் மாவட்டங்களின் மணற்பாங்கான வயல்களில் சீரகம் குளிர்காலப் பயிராக விளைகிறது. அங்கே பெண்கள் பாடும் ‘ஜீரோ’ என்னும் நாட்டுப்பாடல் மிகவும் பிரசித்தம். அதில் மனைவி தன் கணவனைப் பார்த்து, இந்தச் சீரகத்தை மட்டும் விதைக்காதே, இது நம்முடைய பிராணனுக்கே பகை என்று மன்றாடுகிறாள். கிரேக்கனுடைய ஏச்சு ஒரு சடங்கு. மாரவாடத்துப் பெண்ணினுடையதோ நேரான முறையீடு. இரண்டுக்கும் எவ்விதச் சரித்திரத் தொடர்பும் கற்பிக்க நான் விரும்பவில்லை. ஆனால், நெடுந்தூரம் பிரிந்த இரண்டு தேசங்களில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஜனங்கள், ஒரே செடியைத் திட்டுவதற்குத் தனித்தனியே காரணம் கண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் போவது எப்படி? மாரவாடத்துப் பெண்ணின் காரணத்தை அறிய வயலுக்குப் போனால் போதும். மந்தமாக வளரும் பயிருக்கிடையே களைகள் முந்திக்கொள்வதால், குத்திட்டு உட்கார்ந்து ஒவ்வோர் அடியாக நகர்ந்து, விரலால் தடவித் தடவிக் களையைப் பிடுங்க வேண்டும். அதிலும் ஜீரி என்று அழைக்கப்படும் ஒரு களை சீரகத்தோடு முளைத்து, சீரகத்தைப் போலவே தோன்றி, சீரகத்தோடு முற்றி, அறுவடையிலும் கலந்து விலையைக் கெடுக்கும். மார்கழி, தை மாதங்களின் வடநாட்டுக் குளிரில் இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலேதான் விழுகிறது. விதைப்பதைத் தீர்மானிப்பவன் கணவன். முதுகு ஒடிபவள் மனைவி. இதைத் தெரிந்துகொண்ட பின் அந்தப் பாட்டை வெறும் சிருங்காரச் சிணுங்கல் என்று கேட்டு மகிழ முடியவில்லை.

இவ்வளவு பழிக்கப்பட்ட விதைக்கு நேர்மாறான கௌரவமும் இந்நாட்டிலேயே உண்டு. தெலுங்கர் விவாகத்தில் சுபமுகூர்த்த வேளையில், சீரகத்தையும் வெல்லத்தையும் அரைத்த விழுதை வெற்றிலையில் வைத்து மணமகனும் மணமகளும் ஒருவர் தலைமேல் ஒருவர் வைத்து அழுத்துகிறார்கள். அந்தக் கணமே விவாகத்தின் முக்கியமான கணமென்று அவர்களில் பலர் கருதுகிறார்கள். தமிழ்நாட்டில் குடியேறிய தெலுங்குக் குடும்பங்களிலும் இது விடாமல் நடந்துவருகிறது.

சீரகத்தின் இன்றைய ராஜதானி குஜராத்தில் மெஹ்ஸாணா மாவட்டத்திலுள்ள ஊஞ்ஜா. கடவா பாட்டீதார்களின் குலதெய்வமான உமியா மாதாவின் ஆலயத்தால் முன்பே புகழ் பெற்ற அந்தச் சிறிய நகரம், சீரகம், சோம்பு, இசப்கோல் ஆகியவற்றின் ஏலத்தினால் உலகமெங்கும் பெயர் பரவியது. உலகத்துச் சீரகத்தில் பெரும்பகுதி பாரத தேசத்தில் விளைகிறது. அதில் ஏறக்குறைய முழுவதும் குஜராத்தும் ராஜஸ்தானமும் சேர்ந்து விளைவிப்பது. பெயர் பெற்ற சீரக தேசமாயிருந்த சிரியாவில் 2011இல் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு, உலகச் சந்தை ஊஞ்ஜாவை இன்னும் அதிகமாக எதிர்பார்க்கலாயிற்று. பழைய அபாயங்களோ அப்படியே இருக்கின்றன. பூக்கும் காலத்தில் பயிரைக் கருக்கும் நோய்க்குக் காரணமான பூஞ்சணத்தை 1938இல் உப்பல், படேல், காமத் என்னும் மூன்று இந்திய விஞ்ஞானிகள் வர்ணித்துப் பெயரிட்டார்கள். வாடல் நோயின் பூஞ்சணமோ மண்ணிலேயே பல வருஷம் தங்கியிருந்து, மறுபடியும் சீரகம் விதைக்கப்படும் நாளுக்காகக் காத்திருக்கும். மெஹ்ஸாணா மாவட்டத்து ஜகூதண் ஆராய்ச்சி நிலையத்தார் வாடலை ஓரளவு தாங்கும் ‘குஜராத் சீரகம் 4’ என்னும் ரகத்தை அளித்திருக்கிறார்கள். 2000இல் அஜ்மீரை அடுத்த தபீஜியில் விதை வாசனைப் பொருள்களுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. இருந்தும், விளைச்சல் வானத்தின் கையிலும் விலை சந்தையின் கையிலும் இருப்பது மாறவில்லை. 2023இல் முன்பேர வர்த்தகத்தில் குவிண்டால் 60,000 ரூபாயையும் தாண்டிற்று. அதைக் கண்டு அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் சீரகமே விதைத்தார்கள். அறுவடை வந்த 2024இல் விலை அதில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. திட்டுகிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

தினந்தோறும் சீரகத்தைத் தாளிக்கிற தமிழ்நாட்டில் சீரக வயல் ஒன்றுகூடக் கண்ணில் படாததற்குக் காரணம் நம்முடைய சோம்பலல்ல, வடகிழக்குப் பருவமழை. சீரகம் விதைக்கக் குஜராத்தியர் தேர்ந்தெடுக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. மழை ஓய்ந்த பின் வரும் குளிரோ செடி காய் பிடித்து முற்றுவதற்குள் தீர்ந்துபோகிறது. இந்தச் செடிக்கு விதைத்த நாள் முதல் அறுவடை வரை நூறு நாளிலிருந்து நூற்றிருபது நாள் வரை வேண்டும். அதில் முக்கால் பங்கு குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்க வேண்டும். அப்படியும் வீட்டுத் தோட்டத்திலோ மாடித் தொட்டியிலோ வளர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நம்மவரிடையே இல்லாமலில்லை. அவர்களுக்குப் பழைய தோட்டக்காரர்களின் அனுபவமே போதிய வழிகாட்டி. வறுக்காத, அந்த ஆண்டில் விளைந்த சீரகத்தை இரவு ஊறவைத்து, மார்கழியில் மழை நின்ற பின், மணல் கலந்து தண்ணீர் தங்காத மண்ணில், பிடுங்கி நடும் எண்ணமில்லாமல் விதைத்த இடத்திலேயே வளர்ப்பதாகத் தூவி, விரல் நகத்தின் அகலத்துக்கு மேல் மண் மூடாமல், பூவாளியால் தெளித்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். முளைத்த பிறகு மண்ணின் மேல்பரப்பு காய்ந்தால் மட்டுமே தண்ணீர். நெருக்கமாயிருக்கும் நாற்றுகளைக் கலைத்துக் காற்றுப் புகவிட வேண்டும். மாசிக்குள் பூத்துப் பங்குனியில் செடி பழுப்பேறினால், வேரோடு பிடுங்கி நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, காகிதத்தின்மேல் வைத்துக் கோலால் தட்டிக்கொள்ளலாம். ஒரு தொட்டியில் கிடைப்பது இரண்டொரு நாள் ரசத்துக்குத்தான் காணும். கடையில் வாங்கியதோடு ஒப்பிட்டால் பார்வைக்குச் சிறுத்தும், கசக்கினால் வாசனையில் சற்றுக் கூர்மையாகவும் இருக்கும். செடி வாடி விழுந்திருந்தால் அந்தத் தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டு, அடுத்த வருஷம் வேறு மண்ணில்தான் விதைக்க வேண்டும்.